பதினேழு வரை வகுத்தேன்

தார்நாகா, ஐதராபாத்
12 ஜூன் 2000

சிரஞ்சீவி லச்சுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். பயப்படாதே, எல்லாரும் சௌக்கியம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் ஹாலில் இருக்கிறது, ஹாலில் உன் அத்திம்பேர் இருக்கிறார். நான் பன்னிரண்டு இலக்க எண்ணை வாய்விட்டுப் படித்தால், "ஆரம்பிச்சாச்சா?" என்பார். கல்யாணமான நாளாக என் கணக்குக்கு அவர் சொல்லும் ஒரே பதில் அதுதான்.

பெண் அக்ஷதாவுக்காக வாங்கிய கம்ப்யூட்டரை அவளைவிட நான்தான் அதிகம் உபயோகிக்கிறேன். அமீர்பேட்டையில் போய் சி மொழிகூடக் கற்றுக்கொண்டேன். வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அமெரிக்கா போவதற்காகப் படித்தார்கள். ஆன்ட்டி எதற்குப் படிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பொழுதுபோகவில்லை என்று சொல்லி வைத்தேன். எம்.எஸ்ஸி. முடித்து அடுப்படிக்கு வந்தவள் இப்போது ஒற்றைப்படைச் செவ்விய எண்ணைத் தேடுகிறாள் என்றால் சிரிப்பார்கள்.

நீ காலேஜில் கணித வாத்தியார்தான். ஆனாலும் அக்ஷதாவுக்குச் சொன்ன மாதிரியே உனக்கும் சொல்கிறேன், தப்பிருந்தால் பிடி. ஆறை மீதியில்லாமல் வகுக்கிற சின்ன எண்கள் 1, 2, 3. கூட்டினால் அதே ஆறு. இருபத்தெட்டும் அப்படித்தான். இவை செவ்விய எண்கள். கண்டுபிடித்தவை எல்லாம் இரட்டைப்படை. ஒற்றைப்படையில் ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை.

எனக்கு ஒன்று அகப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

198585576189.

இது 3, 7, 11, 13 ஆகியவற்றின் வர்க்கங்களையும் 22021-ஐயும் பெருக்கி வருவது. அந்த எண்ணையும் சேர்த்து, அதை வகுக்கும் எல்லா எண்களின் கூட்டுத்தொகை வேண்டுமென்றால் 13, 57, 133, 183, 22022 ஐந்தையும் பெருக்க வேண்டும். பெருக்கினால் என் எண்ணைப்போல் சரியாக இரண்டு மடங்கு வருகிறது. வேறென்ன வேண்டும்? 22021 பகா எண்ணாக இருந்தால் போதும். பதினேழு வரை நான் வகுத்துவிட்டேன், ஒன்றாலும் வகுபடவில்லை. அதற்கு மேல் உன் பங்கு. சின்ன வயதில் நாம் வைத்திருந்த ஏற்பாடுதானே, கண்டுபிடித்தவள் சரிபார்க்கக் கூடாது, அவள் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும் என்று. நீ பார்த்துச் சொல்லும்வரை வீட்டில் யாரிடமும் மூச்சு விட மாட்டேன்.

ஆசீர்வாதங்களுடன்,
கல்பகம்


மாயவரம்
24 ஜூன் 2000

அக்காவுக்கு லச்சுவின் நமஸ்காரம்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன், மன்னித்துக்கொள். அக்கா கேஸ் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு உலகத்தையே மாற்றப் பார்க்கிறாளே என்று கிரிஜாவிடம் கேலி செய்தேன். பிறகு பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் காபிக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

என் கால்குலேட்டரில் எட்டு இலக்கத்துக்கு மேல் அடங்காது. ஆகவே கையால்தான் பெருக்கினேன், அந்தக் காலத்தில் அப்பா பார்த்துக்கொண்டு நிற்கும்போது பெருக்குவோமே, அப்படி. ஐந்தையும் பெருக்கினால் 397171152378. அதில் பாதி உன் எண். ஓர் இலக்கம் பிசகவில்லை. திரும்ப வேறு வரிசையில் பெருக்கினேன், அதே விடை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, அக்கா. மற்ற சில்லறை விஷயங்களை நீயே பார்த்திருப்பாய், நீ கோட்டை விடுகிறவள் இல்லை.

இதை எப்படி வாயை மூடிக்கொண்டு வைத்திருப்பது? எங்கள் பிரின்சிபாலிடம் சொன்னேன். அவர் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டார். "நமது லக்ஷ்மிநாராயணன் அவர்கள் சரிபார்த்து உறுதி செய்த எண்" என்றார். உன் பெயரையும் சொன்னார், கடைசியில். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது.

இனிமேல் அத்திம்பேர் "ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டால், முடித்தே விட்டேன் என்று சொல்.

உன் தம்பி,
லச்சு


தார்நாகா
2 ஜூலை 2000

சிரஞ்சீவி லச்சுவுக்கு,

உன் கடிதத்தை உன் அத்திம்பேர்தான் பிரித்தார். நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். "நிஜமாவா கல்பகம்?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு எதிர் பிளாக்குக்குப் போய்விட்டார். அங்கே சிவஞானம் சார் இருக்கிறார், இவர் விஞ்ஞானியாக இருக்கும் லேபில் இவருக்கு மேல் இருந்து ரிட்டயரானவர், எங்கள் குடியிருப்பு சங்கத்துக்குத் தலைவர்.

விளைவு என்னவென்றால், வருகிற பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஹாலில் என் பேச்சு. பேப்பர்காரர் ஒருவரும் வருகிறார். சால்வை வேறு போடப் போகிறார்களாம். "டாக்டர் வரதராஜனின் மனைவி" என்றுதான் இங்கே என்னை எல்லோருக்கும் தெரியும். முந்தாநாள் லிஃப்டில் ஒருவர் அவரைப் பார்த்து, நீங்கள்தானே கல்பகம் மேடத்தின் ஹஸ்பெண்ட் என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இந்த வயதில் இதற்குப் போய் இவ்வளவு சந்தோஷப்படுகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஒரு விஷயம். 22021-ஐ நீ பதினேழுக்கு மேல் வகுத்தாய் அல்லவா? உன் கடிதத்தில் அதைப் பற்றித் தனியாக ஒன்றும் இல்லை. நானே உட்கார்ந்து வகுக்கலாம்தான். ஆனால் நீ பார்த்ததை நான் மறுபடி பார்த்தால் உன்னை நம்பாத மாதிரி இருக்கும். கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஒரு வரி எழுதிவிடு.

முடிந்தால் நீயும் கிரிஜாவும் வாருங்கள். மேடையில் நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியம்.

கல்பகம்


மாயவரம்
8 ஜூலை 2000

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வர இயலாது. கிரிஜாவுக்கு உடம்பு சரியில்லை, கல்லூரியிலும் லீவு கிடைப்பது கஷ்டம்.

பேச்சுக்குச் சில யோசனைகள். கேட்க வருகிறவர்கள் விஞ்ஞானிகளானாலும் கணிதம் படித்தவர்கள் இல்லை. அதனால் 57, 133, 183 ஆகிய எண்களை மேலும் உடைத்துக் காட்டிக்கொண்டிருக்காதே, குழம்புவார்கள். பெருக்கி வந்த விடையை மட்டும் போர்டில் போடு. கேள்வி நேரம் வேண்டாம். சுருக்கமாக முடித்துக்கொள்வதே நல்லது.

நீ கேட்ட விஷயம் பற்றிக் கவலைப்படாதே.

லச்சு


தார்நாகா
18 ஜூலை 2000

லச்சு,

பேச்சு நடந்தது. ஹால் நிறைந்திருந்தது. அக்ஷதா முதல் வரிசையில் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவள், அன்றைக்கு எல்லாரிடமும் "மா அம்மா", எங்கள் அம்மா, என்று என்னைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நீ சொன்னபடிதான் ஆரம்பித்தேன். விடையை மட்டும் எழுதினேன். முன்னால் இருந்த ஒரு பெண், ஏதோ லேபில் வேலை பார்க்கிறாள், இது எப்படி இரண்டு மடங்கு ஆகிறது என்று கண்ணுக்குத் தெரியும்படி காட்டுங்களேன் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சரி, இரண்டு பக்கமும் உடைத்து எழுதி அடித்துக் காட்டலாம் என்று சாக்பீஸை எடுத்தேன். ஐம்பத்தேழு என்பது மூன்று தரம் பத்தொன்பது. நூற்று முப்பத்துமூன்று என்பது ஏழு தரம் பத்தொன்பது. நூற்றெண்பத்துமூன்று என்பது மூன்று தரம் அறுபத்தொன்று. 22022-ஐ உடைத்தால் இரண்டு, ஏழு, பதினொன்று, பதினொன்று, பதின்மூன்று. மூன்றுகளை அடித்தேன், ஏழுகளை அடித்தேன், பதினொன்றும் பதின்மூன்றும் போயின. இந்தப் பக்கம் இரண்டு பத்தொன்பதும் ஓர் அறுபத்தொன்றும் மிச்சம். அந்தப் பக்கம் 22021 மட்டும் மிச்சம்.

இரண்டு பக்கமும் சமம் என்றால் அந்த மூன்றையும் பெருக்கினால் 22021 வந்துதான் ஆக வேண்டும். வருகிறது, லச்சு. 22021 பகா எண்ணே இல்லை. என் எண்ணும் செவ்விய எண் இல்லை. நூறு பேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று இதைப் பார்த்தேன்.

அடுத்து நான் செய்ததைக் கேள். போர்டைத் துடைத்தேன். "ஆகவே இரண்டும் சமம்" என்று திரும்பிச் சொன்னேன். அந்தப் பெண் தலையாட்டினாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கை தட்டினார்கள். சிவஞானம் சார் சால்வை போர்த்தினார், நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். உன் அத்திம்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேற்று பேப்பரில் என் படம் வந்திருக்கிறது. அவர் நாலு பிரதி வாங்கி வந்தார். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அலைச்சல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதினேழோடு நிறுத்தியது என் தப்பு. அடுத்த பகா எண்ணே பத்தொன்பதுதான், இன்னும் ஒரு தரம் வகுத்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் சால்வையை வாங்கிக்கொண்டது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டையும் நானே சுமக்கிறேன். ஆனால் உன்னை ஒன்று கேட்க வேண்டும். அந்த மூன்று எண்களை மட்டும் உடைக்காதே என்று பெயர் சொல்லி எழுதினாயே. எதற்கு?

உனக்கு எப்போது தெரியும்?

கல்பகம்


மாயவரம்
26 ஜூலை 2000

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலைந்து தரம் எழுதிக் கிழித்தாயிற்று.

உன் இரண்டாவது கடிதம் வந்த அன்றைக்குத் தெரியும். வகுத்தாயா என்று நீ கேட்டதும் சுருக்கென்றது. நான் வகுக்கவே இல்லை. பன்னிரண்டு இலக்கப் பெருக்கலில் காட்டிய ஜாக்கிரதையில் அந்தச் சின்ன எண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நீ பகா எண் என்று எழுதியிருந்தாய், அது போதும் என்று இருந்துவிட்டேன். அன்று உட்கார்ந்து வகுக்க ஆரம்பித்தேன், முதல் எண்ணிலேயே விழுந்துவிட்டது.

உடனே போன் பண்ணியிருக்க வேண்டும். எஸ்.டி.டி. பூத் வரை போனேன். முன்னால் இரண்டு பேர் நின்றார்கள், திரும்பி வந்துவிட்டேன். இதுதான் நடந்தது, இதற்கு மேல் சமாதானம் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி எனக்கு ரீடர் பதவி உயர்வுக்கு நேர்முகம். பத்து வருஷமாகத் தள்ளிப்போன விஷயம் என்று உனக்கே தெரியும். பிரின்சிபால் தன் சிபாரிசில் இந்த எண்ணை நான் சரிபார்த்ததைத்தான் முதலில் எழுதியிருக்கிறார். இப்போது நீ வெளியில் சொன்னால், ஐந்து இலக்க எண்ணை வகுக்கத் தெரியாதவன் என்று அத்தனை பேர் எதிரிலும் நிற்பேன். அதுவரை பொறு. அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து சொல்லிவிடலாம். யாருக்கும் நஷ்டம் இல்லையே, அக்கா. ஒரு எண்தானே.

லச்சு


தார்நாகா
8 ஆகஸ்ட் 2000

லச்சு,

நான் பொறுக்கவில்லை.

முதலில் உன் அத்திம்பேரிடம் சொன்னேன். "யாருக்குத் தெரியப்போறது கல்பகம், விட்டுடேன்" என்றார். அக்ஷதாவிடம் சொன்னேன். "லைட் தீஸ்கோ அம்மா" என்று காதில் வாக்மேன் வயரை மாட்டிக்கொண்டாள். கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். அவள் முகம் மட்டும் வாடிவிட்டது. சிவஞானம் சாரிடம் போய் நின்றேன். அவர், "நம்ம ஆளுங்க யாருக்கும் ஒண்ணும் புரியலை மேடம், எதுக்குக் கிளறணும்?" என்றார். எனக்கு அங்கேதான் அழுகை வந்தது. பேசியது தப்பு என்பதைவிட, அது தப்பா சரியா என்று யாருக்கும் அக்கறையில்லை என்பது தாங்க முடியவில்லை.

யூனிவர்சிட்டி லைப்ரரிக்கும் போனேன். எனக்கு முன்னாலேயே முந்நூற்று அறுபது வருஷத்துக்கு முன்பு ஒரு பிரெஞ்சுக்காரர் இதே எண்ணைச் சொல்லியிருக்கிறார். 22021 பகா எண்ணாக இருந்திருந்தால் இது செவ்விய எண் ஆகியிருக்கும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டாராம். போதாக்குறைக்கு, முந்நூறு இலக்கம் வரை ஒற்றைப்படைச் செவ்விய எண்ணே கிடையாது என்று நிரூபித்தே பத்து வருஷம் ஆகப் போகிறது. எனக்காவது அடுப்படி. நீ கல்லூரியில் இருக்கிறாய், உனக்கும் தெரிந்திருக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் மாதக் கூட்டம். தண்ணீர் லாரி விஷயம் பேசி முடித்த பிறகு எழுந்து நின்றேன். இருபது பேர்கூட இல்லை. போர்டில் பத்தொன்பது, பத்தொன்பது, அறுபத்தொன்று என்று எழுதினேன். என் எண் செவ்விய எண் அல்ல, அதை வகுக்கிறவற்றைச் சரியாகக் கூட்டினால் அந்த எண்ணைவிட அதிகமாகப் போய்விடுகிறது, அதற்கு மிகை எண் என்று பெயர் என்றேன். மேடையில் நிற்கும்போதே எனக்கு இது தெரிந்துவிட்டது என்பதையும் சொன்னேன். சால்வையை மேஜைமேல் வைத்தேன். உன் அத்திம்பேர் கடைசி வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் வந்திருந்தார்.

சிவஞானம் சார் ஒரு கேள்வி கேட்டார். "காலேஜ் புரொபசர் ஒருத்தர் சரிபார்த்தார்னு பேப்பர்ல இருந்ததே?"

அதற்கு நான் சொன்னதை நீயே தெரிந்துகொள்வது நல்லது. "இல்லை சார், நானேதான் சரிபார்த்தேன்" என்றேன். பேப்பருக்குத் திருத்தம் எழுதியபோதும் அப்படியே எழுதிவிட்டேன். அது அச்சான பேப்பர் துண்டு இத்துடன் இருக்கிறது. பொய்யைத் திருத்தப் போன இடத்தில் இன்னொரு பொய். அதற்கும் வெட்கப்படுகிறேன். ஆனால் உன் பெயர் வாயில் வரவில்லை.

இனிமேல் எண் எதுவும் உனக்கு அனுப்ப மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. நானே கடைசி வரை வகுத்துப் பழக வேண்டும்.

கல்பகம்


மாயவரம்
25 ஆகஸ்ட் 2000

அக்கா,

எனக்கு ரீடர் பதவி கிடைத்துவிட்டது.

நீ அனுப்பிய பேப்பர் துண்டைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, நிம்மதி. அதை மறைக்க விரும்பவில்லை. பிரின்சிபாலிடம் போய், அக்காவின் எண் தவறிவிட்டது என்று சொன்னேன். அவர் பதறினார். நீயே சரிபார்த்ததாக எழுதியிருந்த துண்டைக் காட்டினேன். அவர் தெளிந்துவிட்டார். "இதை ஃபைல்ல வெச்சுக்கங்க" என்றார். வைத்துக்கொண்டேன்.

நேர்முகத்தில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் அதை எடுத்துப் படித்தார். "அப்ப சரிபார்த்தது உங்க சகோதரிதான், நீங்க இல்லையா?" என்று கேட்டார்.

"ஆமா சார். நான் பெருக்கலை மட்டும்தான் பார்த்தேன்" என்றேன்.

பெருக்கலை மட்டும்தான் பார்த்தேன் என்பது பொய்கூட இல்லை, அக்கா. அதை நினைத்தால்தான் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. நீ என் பெயரைச் சொல்லிவிட்டிருந்தால் ஒரு தரம் தலைகுனிந்து தீர்ந்திருக்கும். அவர்கள் கை கொடுத்தார்கள். வீட்டில் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். கிரிஜாவுக்கு ஒன்றும் தெரியாது.

சிவஞானம் சாருக்கு ஒரு கடிதம் எழுதி ஒட்டி, இதற்குள்ளேயே வைத்திருக்கிறேன். நடந்தது முழுவதும் அதில் இருக்கிறது, எனக்குத் தெரிந்த தேதியும் இருக்கிறது. உனக்குச் சரி என்று பட்டால் அவரிடம் கொடுத்துவிடு. வேண்டாம் என்று பட்டால் கிழித்துப் போட்டுவிடு. நீ எப்படிச் செய்தாலும் எனக்குச் சம்மதம்.

லச்சு


தார்நாகா
2 செப்டம்பர் 2000

லச்சு,

உன் கடிதமும் ஒட்டிய கவரும் கிடைத்தன. கவரை நான் பிரிக்கவில்லை.

சிவஞானம் சார் எதிர் பிளாக்கில்தான் இருக்கிறார். பால் வாங்கப் போகிறபோது கொடுத்துவிடலாம். கொடுக்கலாமா, கிழிக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகுதான் உறைத்தது. மறுபடியும் நீ பாதியில் நிறுத்திவிட்டு மிச்சத்தை என்னிடம் தள்ளியிருக்கிறாய், நானும் வழக்கம்போல் அதைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, போய்விட்டது. வெட்கம்தான் போகவில்லை. உன் பெயரைச் சொல்லாமல் விட்டு உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்திருந்தேன். அந்தப் பொய் இல்லாவிட்டால் நேர்முகத்தில் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று இனி நம் இரண்டு பேருக்குமே தெரியப்போவதில்லை. அந்தச் சந்தர்ப்பத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டவள் நான்தான். பேப்பருக்கு இன்று இன்னொரு திருத்தம் எழுதியிருக்கிறேன். நான் சொன்ன பொய்யை மட்டும்தான் அதில் திருத்தியிருக்கிறேன், உன் பெயர் இல்லை. சரிபார்த்தது நான் இல்லை என்று மட்டும் இருக்கிறது. என் பங்கு அவ்வளவுதான்.

பதவியை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன். பத்து வருஷம் நீ பட்டது எனக்குத் தெரியும்.

கவரை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். சிவஞானம் சாருக்கு உன் உண்மையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அது போய்ச் சேர வேண்டியது உன் கல்லூரிக்கு. தபால்தலைகூட வேண்டாம், தினமும் நீ நடந்து போகிற வழிதான்.

கல்பகம்